வியர்க்காத டாக்டரின் சட்டை

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டாக்டர் லிசாந்த்ரோ கின்டனில்லா கழற்றி நாற்காலியில் போட்ட சட்டை புதன்கிழமை காணாமல் போனது. பக்கத்து வீட்டு ஆட்டைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். மேயரின் தேர்தல் வாக்குறுதி நோட்டீஸ்கள் அத்தனையையும் தின்று செரித்த ஆடு அது. அதற்கு ஒரு சட்டை பெரிய விஷயமில்லை. ஆனால் வியாழக்கிழமை அந்தச் சட்டை துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் அதே நாற்காலியில் கிடந்தது. ஆட்டுக்கு இஸ்திரி போடத் தெரியாது. ஆகவே இது மனிதர்கள் வேலை.

திருடிக்கொண்டு போகிறவனைப் புரிந்துகொள்ளலாம். துவைத்துத் திருப்பித் தருகிறவனை எப்படிப் புரிந்துகொள்வது? டாக்டர் காலர் பட்டையை முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான். அது அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருந்தது. நாற்பத்தாறாவது வயதில் அவருக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. பெயர் அல்மா. பிறந்து நாற்பது நாள் ஆகிறது. சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் அழ ஆரம்பிப்பாள், எட்டு மணிக்கு நிறுத்துவாள். காதில் பார்த்தார், தொப்புளில் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பைக் கை நீட்டி வைத்துக் கேட்டார். ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத குழந்தை மூன்று மணி நேரம் அழுமா? யாரோ தனக்குத் தெரியாமல் எதையோ புகட்டுகிறார்கள். எல் ஹிகாரலில் ஆறு வருஷம் வைத்தியம் பார்த்தவருக்கு அந்த ஊர்க்காரர்கள் எதையெல்லாம் குழந்தை வாயில் ஊற்றுவார்கள் என்று தெரியும். பூண்டுத் தண்ணீர், சோம்புத் தண்ணீர், ஒரு தடவை புனிதர் சிலையைக் கழுவின தண்ணீர்.

அழுகை முடியும்வரை டாக்டர் தொட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பார்.

"தூக்குங்களேன்" என்பாள் மனைவி எவெலியா. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் அவள், அந்த ஊர்ப் பெண்.

"நாள் பூரா சீக்காளிங்களைத் தொட்ட கை. தொற்று."

பொய். அந்த ஊரில் இருநூற்றுப் பதினோரு பிள்ளைகளைக் காலைப் பிடித்துக் கோழி தூக்குகிற மாதிரி தூக்கி முதுகில் தட்டி அழவைத்தவர் அவர். இருநூற்றுப் பன்னிரண்டாவதைத் தூக்கினபோது கை நடுங்கிவிட்டது. நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். அதன் பிறகு தூக்கவில்லை. இது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சட்டை திரும்பி வந்த நாளிலிருந்து நோயாளிகளும் ஒரு மாதிரியாக நடந்துகொண்டார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் எலேனோ முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான்.

"இடது காதுல, நேத்துப் பேசினது இன்னைக்குக் கேக்குது டாக்டரே."

"அப்ப நாளைக்கு வா. நான் இப்ப திட்டப்போறது அன்னைக்குத்தான கேக்கும்."

எலேனோ எழுந்திருக்கவில்லை. "ஒரு ஈ" என்று சொல்லி, தன் கைக்குட்டையால் டாக்டரின் நெற்றியை ஒற்றி எடுத்தான். பிறகு கைக்குட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஆற்று மணலில் தங்கம் தேடுகிறவன் மாதிரி பார்த்தான். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனான்.

அடுத்தது சென்ச்சா. சந்தை முனையில் புப்புசா என்கிற சோள அடை தட்டி விற்கிறவள். இரண்டு ஆள் அகலம், மூன்று ஆள் குரல்.

"என் முழங்கை சண்டையை முன்கூட்டியே சொல்லுது தம்பி."

"தம்பின்னு கூப்பிடாத. இப்ப என்ன சொல்லுது?"

"இன்னும் ரெண்டு நிமிசத்துல நீங்க கத்துவீங்கன்னு சொல்லுது."

"வெளியே போ!"

"பாத்தீங்களா, ஒரு நிமிசம் முந்திடுச்சு. சீக்கு முத்திப்போச்சு போல."

போகிற போக்கில் "தூசி" என்று அவர் முதுகில் உள்ளங்கையை அழுத்தித் தடவினாள். நர்ஸ் ஒதிலியாவைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். ஒதிலியா பெருமூச்சு விட்டாள். டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மின்விசிறியைக் காணோம். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றாள் ஒதிலியா. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததே என்றார். அதனால்தான் கெட்டுப்போவதற்கு முன்பே அனுப்பினேன் என்றாள்.

எல் ஹிகாரலின் மார்ச் மாதம் சாதாரணமானதல்ல. கோயிலில் பாதிரியார் மண்டியிடுவதற்கு முன்பே மெழுகுவர்த்திகள் மண்டியிட்டுவிடும். சோளக்கொல்லைப் பொம்மை மத்தியானத்தில் நிழல் பார்த்து நகர்ந்து நிற்கும். மேயர் கையெழுத்துப் போட்டால் மை காகிதத்தில் படுவதற்குள் வியர்வை பட்டுவிடும் என்பதால், அந்த மாதம் யாரும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்வதில்லை. இப்படிப்பட்ட ஊரில் டாக்டர் லிசாந்த்ரோ ஒருத்தருக்கு மட்டும் வியர்க்காது. எரிமலை அடிவாரத்துக் குளிர் ஊரில் பிறந்த உடம்பு. அவர் மேஜையில் வைத்த வெண்ணெய் உருகாது என்று பேச்சு உண்டு. இரண்டு தடவை வைத்துப் பார்த்தாயிற்று. உருகவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எலேனோ ஓடி வந்தான். குன்றின் மேல் அவன் மச்சான் மரத்திலிருந்து விழுந்துவிட்டானாம். டாக்டர் ஜீப்பைக் கிளப்பினார். கிளம்பவில்லை. புகைக்குழாயில் ஒரு மாங்காய் அடைத்திருந்தது. மாங்காய்க்கு அங்கே போக வழி தெரியாது. அதையும் மனதில் குறித்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் குன்று ஏறினார். மேலே மச்சான் திண்ணென்று உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தான்.

"விழுந்தது நீயா?"

"விழுந்தேன் டாக்டரே. போன வருசம்."

எலேனோ டாக்டரைச் சுற்றி ஒரு வட்டம் வந்து அக்குள்களைப் பார்த்தான். இரண்டும் உப்பளத்துச் சாலை மாதிரி காய்ந்து கிடந்தன. அவன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

இறங்கி வந்தபோது சென்ச்சா வழியை மறித்து ஒரு கிண்ணம் நாட்டுக்கோழி சூப்பு கொடுத்தாள். அந்தச் சூப்பில் போட்ட மிளகாயை அரைத்த அம்மியே மூன்று நாள் விக்கிக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். டாக்டர் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு உப்புப் போதாது என்றார். ஊரெல்லாம் உப்பு விளைகிற இடத்தில் அதைச் சொன்னதற்காகவே சென்ச்சா அழுதாள்.

அன்று சாயங்காலமும் அல்மா ஐந்து மணிக்கு அழ ஆரம்பித்தாள். தொட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளி நின்ற டாக்டர், சங்கதிகளைக் கோத்துப் பார்த்தார். தன்னை வீட்டிலிருந்து கிளப்பிவிடுகிறார்கள். கிளம்பின நேரத்தில் குழந்தைக்கு எதையோ கொடுக்கிறார்கள். சட்டை எதற்கு என்று மட்டும் புரியவில்லை. ஆனால் சட்டையைத் தொடுகிற கைதான் குழந்தையையும் தொடுகிற கை. அந்தக் கையைப் பிடித்தாக வேண்டும்.

மருந்தலமாரியில் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து தூளாக இருந்தது. கரைக்காத தூள் பச்சையாக மினுங்கும், தெரியவே தெரியாது. ஈரம் பட்ட கணமே ஊதா. பட்ட இடத்தில் பத்து நாள் போகாது. ஞாயிற்றுக்கிழமை காலை, கழற்றின சட்டையின் காலரிலும் அக்குளிலும் அதைத் தூவி நாற்காலியில் போட்டார். வறண்ட கைகளால் தூவினார், ஒரு புள்ளி ஒட்டவில்லை. வியர்க்கிற ஊர் மாட்டட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சீட்டியடித்தார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தால், பெஞ்சில் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் மூக்கு ஊதா.

"ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சிருக்கு டாக்டரே" என்றான் எலேனோ. மூக்கோடு அவன் பத்து விரல்களும் ஊதா.

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான்" என்றாள் ஒதிலியா.

கோடியில் பாதிரியார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஞானஸ்நானப் பதிவேடு எழுதறப்ப பேனா உடைஞ்சிடுச்சு, லிசாந்த்ரோ."

"மூக்காலயா எழுதறீங்க, பாதர்?"

டாக்டர் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கை ஊதாவானது புரிகிறது. மூக்கு ஏன்? சட்டையை ஒருத்தர் மாற்றி ஒருத்தர் முகர்ந்து பார்த்திருக்கிறார்கள். எதற்கு? சென்ச்சாவுக்கு நெற்றிவரை ஊதா. அவள் ஆழமாக முகர்ந்திருக்கிறாள்.

அப்போதுதான் அவருக்கு அடுத்த கேள்வி எழுந்தது. சட்டை கிடந்த நாற்காலி வீட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து அதை எடுத்துக் கொடுத்தது யார்?

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அதைத் தள்ளிக்கொண்டு போனார். எவெலியா அடுப்படியில் நின்றிருந்தாள். கைகள் முதுகுக்குப் பின்னால்.

"கையைக் காட்டு."

"மாவு பிசைஞ்ச கை."

"காட்டு எவெலியா."

காட்டினாள். இரண்டு உள்ளங்கையும் கத்திரிக்காய் நிறம். மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு.

டாக்டர் ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டார், ஆட்டைக்கூட விடவில்லை. இவளைச் சந்தேகப்பட மட்டும் மறந்துபோனார்.

"குழந்தைக்கு என்ன குடுக்கறீங்க எல்லாரும் சேந்து?"

"யாரும் ஒண்ணும் குடுக்கல. அவ மேல கண்ணு பட்டிருக்கு."

"யார் கண்ணு?"

"உங்க கண்ணு."

ஆஸ்பத்திரிப் பக்கம் பதினோரு பேரும் கதவருகே நகர்ந்து வந்தார்கள்.

"ஆசையாப் பாத்துட்டுத் தொடாமப் போனா அந்த ஆசை குழந்தை மேலயே தங்கிடும். எங்க ஊர்ல எருமைக்கன்னைப் பாத்தாக்கூடத் தொட்டுட்டுத்தான் போவாங்க. நீங்க நாப்பது நாளாக் கையைக் கட்டிக்கிட்டு நின்னு முழிக்கறீங்க. அதுவும் மூணு மூணு மணி நேரம்! பாத்தவங்க வேர்வைச் சட்டையில குழந்தையைச் சுத்தினா எறங்கிடும். உங்களுக்குத்தான் வேர்த்துத் தொலைக்க மாட்டேங்குதே! சட்டையை மோந்து மோந்து பாத்து ஊரே பாடுபடுது."

"முட்டாள்தனம்."

"அப்பத் தொடுங்க."

"தொற்று—"

"கை நடுங்குதுன்னு சொல்லுங்க. ஒதிலியா அன்னைக்கே சொல்லிட்டா. ஊருக்கே தெரியும்."

அதற்குள் உள்ளே அல்மா அழுதாள். ஐந்து மணி அழுகை இல்லை, வேறு மாதிரி. டாக்டர் தொட்டிலுக்குப் போய் வழக்கம்போல் இரண்டு முழம் தள்ளி நின்றார். குழந்தையின் கன்னத்தில் ஊதா. உதட்டோரத்தில் ஊதா.

"கை கழுவினியா?"

"மூணு தடவை கழுவினேன், போகலையே. அப்புறம்தான் பால் குடுத்தேன். ஏன்? என்ன அது? என்ன தூவினீங்க?"

கரைத்தால்தான் அது மருந்து. கரைக்காத தூள் பச்சைக்குழந்தையின் வாயைப் புண்ணாக்கிவிடும். அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அதைத் தூவின ஆளும் அவர்தான். நாற்பது நாளாக அவர் தேடிக்கொண்டிருந்த, குழந்தை வாயில் எதையோ போடுகிற அந்தக் கை.

எப்போது தூக்கினார் என்று அவருக்கே தெரியாது. இடது கையில் குழந்தை, தோளில் அதன் தலை. "ஆறின தண்ணி! பஞ்சு!" என்று கத்தினார். உதட்டைத் துடைத்தார். சுண்டுவிரலால் வாயைத் திறந்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நாக்கு ரோஜா நிறம். ஈறு ரோஜா நிறம். நாக்குக்கு அடியில் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். ஏழு தடவை பார்த்தார். உள்ளே ஒன்றும் போகவில்லை. கறைதான், அதுவும் வெளியேதான். கை நடுங்கியது. நடுங்குகிற கையிலும் குழந்தை விழாமல் இருந்தது.

முதலில் நெற்றியில் ஒரு துளி வந்தது. பிறகு மூக்கு வழியே இறங்கிற்று. பிறகு ஆறு வருஷத்துப் பாக்கி மொத்தமும் ஒரே மூச்சில் கிளம்பியது. காலர் நனைந்தது, முதுகு நனைந்தது, கால்சட்டைப் பையிலிருந்த கடுதாசி நனைந்து எழுத்து அழிந்தது. காலடியில் குட்டை கட்டியதில், அடுப்படிக்குப் போகவிருந்த பூனை சுற்றிக்கொண்டு போனது.

ஜன்னல் நிறைய ஊதா மூக்குகள்.

"சென்ச்சாக்கா! சொட்டுது! பாருங்க, சொட்டுது!" என்றான் எலேனோ.

"கத்தாதடா. நின்னுடப் போகுது."

"சட்டையைக் கழட்டச் சொல்லுங்க!"

"கழட்டறதாவது! புள்ள அதுக்குள்ளதான இருக்கு. விடு."

பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒதிலியா மின்விசிறி எங்கே இருக்கிறது என்பதை யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டைச் சுற்றி ஊரே காது கொடுத்து நின்றது. ஐந்தேகால் ஆயிற்று. ஐந்தரை. ஒரு சத்தமும் இல்லை. ஈரச் சட்டையில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு அல்மா தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் அழுத களைப்பு என்று டாக்டர் ஜன்னல் வழியே எல்லோருக்கும் விளக்கினார். இந்த வயதில் வயிற்று வலி தானாகவே குறையும் என்றும் விளக்கினார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தரும் நம்பவில்லை. தன் குரலைக் கேட்டபோது அவருக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

"குடுங்க, தொட்டில்ல போடறேன். கை மரத்துப்போயிருக்கும்" என்றாள் எவெலியா.

டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கையைக் காட்டு."

"எட்டு தடவை கழுவிட்டேன்."

"காட்டு."

உள்ளங்கை இன்னும் ஊதாதான். பால் கொடுக்கும்போது போட்டுக்கொள்ள ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்துக் கொடுத்தார்.

"மத்தபடி நிறம் சுத்தமா வெளுக்கற வரைக்கும் நான்தான் வெச்சிருப்பேன். அபாயம்" என்றார்.

வெளுக்கப் பத்து நாளாகும் என்று அவருக்குத் தெரியும்.