எட்டாவது பெட்டி

வேலியில் இருந்த கடைசி ஓட்டையையும் கம்பிவலை வைத்து அடைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அப்போது காலை மணி பத்து.

"ஏழுதான் கிடைச்சிருக்கு."

"என்ன ஏழு?"

"எலி மருந்துப் பெட்டி. போன மழைக்கு முன்னாடி எட்டு வெச்ச ஞாபகம்."

நாலு மணிக்கு அக்கா நாய்க்குட்டியோடு வரப்போகிறாள். பிறந்து ஐம்பது நாள்தான் ஆகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் வயசு. அந்த மருந்தோ நீல நிறத்தில் சோப்புத் துண்டு அளவுக்கு இருக்கும், தானிய வாசனை வேறு அடிக்கும். குட்டி தின்றுவிட்டால் நாலைந்து நாள் ஒன்றும் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கட்டிக்கொண்டவர் அப்படி. எலி, பூச்சி ஒழிக்கிற கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறார். தெருவில் அவருக்கு எலிக்காரர் என்றுதான் பெயர்.

ஊரார் வீட்டுக்குப் போனால் இவர் வேலையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வீட்டு வரைபடம், பெட்டிக்கு நம்பர், சிவப்புப் புள்ளி, கையெழுத்து. மருந்துக் கட்டியைக் கம்பியில் கோத்துப் பெட்டிக்குள் மாட்டிப் பூட்டிவிடுவார். எலி அங்கேயே நின்று கொறிக்கலாமே தவிர எடுத்துக்கொண்டு போக முடியாது.

"நம்ம வீட்டு வரைபடம் எங்கே?"

"நம்ம வீட்டுக்கு எதுக்குன்னு..." என்று இழுத்தார்.

தலையில் அடித்துக்கொண்டேன். "ஊருக்கெல்லாம் வரைபடம், நமக்கு மட்டும் ஞாபகமா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்!"

ரெண்டு வாரமாகத் தோட்டத்தைக் குட்டிக்காகத்தான் ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தோம். அரளியை வேரோடு பிடுங்கியாயிற்று. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட்டாயிற்று. பூந்தொட்டிகளுக்கு நடுவே கிடந்த உடைந்த கண்ணாடியைக்கூடப் பொறுக்கியாயிற்று. இப்போது வந்து ஒரு பெட்டியைக் காணோம் என்கிறார்.

இந்தக் குட்டி எனக்கு ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சிரிக்கக் கூடாது. மகள் படிக்கப் போய் விடுதியில் தங்கிவிட்டாள். இவர் காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். போன மாதம் ஒரு நாள் வாஷிங் மெஷினிடம், "என்னடி, இன்னும் முடியலையா உனக்கு?" என்று கேட்டேன். பதிலுக்காகக் காத்துக்கொண்டும் நின்றேன். அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் வீட்டு நாய் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. நாலு குட்டியில் மூன்றை மற்றவர்கள் கேட்டு வைத்துவிட, மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். அதையும் கேட்டு ஒரு பல் டாக்டர் தினமும் அவளுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

தேடினோம். செடி செடியாக விலக்கினோம். ரோஜா முள் கையைக் கிழித்தது. மல்லிகைக் கொடியைத் தரையோடு அறுத்தேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் அறுத்தேன். குரோட்டன்ஸ் வரிசை முழுக்கப் போயிற்று. பத்து வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தது ஒரு மணி நேரத்தில் குப்பையாகக் கிடந்தது. சாப்பிடக்கூட உட்காரவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மணியைப் பார்க்காதே, மண்ணைப் பாரு," என்றார்.

"வெச்சவர் பேசறார் பேச்சு!"

மூன்று மணி தாண்டி, காய்ந்த இலைக் குவியலைப் புரட்டியபோது கடப்பாரை எதிலோ டக்கென்று இடித்தது. கறுப்புப் பெட்டி.

"கிடைச்சிடுச்சுங்க!" என்று கத்தினேன். சந்தோஷத்தில் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன?"

"மருந்து இல்ல."

"எலி தின்னிருக்கும். அதுக்குத்தானே வெச்சீங்க?"

"தின்னிருந்தா துகள் கிடக்கணும். சுத்தமா இருக்கு. முழுசா இழுத்துட்டுப் போயிருக்கு. எலி அப்படித்தான், கொண்டுபோய் எங்கேயாவது பொந்துல பதுக்கி வைக்கும்." குரல் இறங்கிவிட்டது. "நான் கம்பியில கோக்கல. நம்ம வீடுதானேன்னு சும்மா வெச்சேன்."

பொந்து எங்கே என்று எந்த எலியிடம் போய்க் கேட்பது? "பதுக்கி வெச்சதை அப்புறமா தின்னிருக்குமில்ல? ஒரு வருஷம் ஆச்சே."

"தின்னிருக்கலாம்."

"தின்னுடுச்சுன்னு சத்தியமா சொல்லுங்க. நான் நம்பிக்கறேன்."

"எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்லுங்க! ஒரே வார்த்தை."

"முடியாதும்மா," என்றார்.

கையில் இருந்த மண்ணை அவர் மேல் வீசினேன். துடைக்காமல் நின்றார்.

அக்காவின் கார் நாலு மணிக்குச் சரியாக வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் தாமதமாக வருகிறவளுக்கு அன்றைக்கு மட்டும் என்ன வந்ததோ. இறங்கியதும் குட்டியை என் கையில் திணித்தாள். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. என் கழுத்தில் மூக்கை வைத்து உஸ்ஸென்று மூச்சு விட்டது. நான் உருகிப்போனேன், பொய் சொல்வானேன்.

"என்னடி தோட்டம் இப்படி மொட்டையா நிக்குது?" என்றாள் அக்கா. "சரி, கீழே விடு, ஓடட்டும்."

அவர் வாயெடுப்பதற்கு முன்னால் நானே சொன்னேன். பெட்டி, மருந்து, எலி எல்லாவற்றையும்.

அக்கா தன் தங்கை புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னிடம், "வீட்டுக்குள்ளயே வெச்சுக்கோயேன். பின்கதவைச் சாத்தி வெச்சா ஆச்சு."

"எத்தனை நாளைக்கு? அடுப்பில பால் வெச்சதையே மறக்கிறவ நான். கதவை ஒரு தடவை மறந்தா போதும்கா."

"அந்த டாக்டர் இன்னைக்கே வாங்கிக்கறேன்றார். கொடுத்தா கொடுத்ததுதான். நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன். கொண்டு போ."

குட்டியைக் கழுத்திலிருந்து பிரித்தெடுக்க ரெண்டு தரம் முயற்சி செய்ய வேண்டியிருந்தது. நகம் ரவிக்கையில் மாட்டிக்கொண்டது. அக்காவிடம் கொடுத்தேன். கார் போய்விட்டது.

உண்மையைச் சொல்கிறேன். அவர் மட்டும் அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பி, குட்டியை இறக்கி விட்டிருப்பேன். அதன் உயிரும் போயிருக்கலாம். அப்படியும் அவர் சொல்லவில்லையே என்றுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவர் மறுபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுவரோரமாகக் கரண்டியால் மண்ணைக் கிளற ஆரம்பித்தார்.

"இந்த மூலையைத்தான் பார்க்கல," என்றார்.

"இனிமே யாருக்குங்க?"

அவர் கை நின்றது. கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி கிளறினார்.

அப்புறம் நானும் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.