கை எட்டாத மூலை

பால் ஆலையில் தொட்டி கழுவும் அவரைப் "பளபளா" என்றுதான் கூப்பிடுவார்கள். பாசியைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. விடுப்பு முடிந்து வந்த அன்றே, கழிவுநீரைச் சுத்தம் செய்யவென்று ஆய்வகப் பெண் வளர்த்து, அவர் இல்லாத நாட்களில் தொட்டியில் விட்டிருந்த நுண்பாசியை அழுக்கென்று நினைத்துத் திறந்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டார்.

"அண்ணே, நாலு மாச உழைப்பு!" அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பிறகுதான் குழாய்க்குப் பின்னால், அவர் கை எட்டாத மூலையில், நகக்கண் அளவு பச்சை தெரிந்தது. அதை வழித்துக் கழிவுநீர் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்தாள். பாட்டில் வாளியானது, வாளி தொட்டியானது. இரண்டே மாதத்தில், மூக்கைப் பொத்த வைத்த கழிவுநீர் நாற்றமில்லாமல் தெளிந்து ஓடியது. காயவைத்த பாசி மாட்டுத் தீவனத்துக்கு மூட்டையாய்ப் போனது.

"வெயிலையும் நம்ம கழிவையும் தின்னே இவ்வளவா! கெட்டிக்காரப் பய!" என்று வாய் பிளந்தார் பளபளா.

தொட்டியில் ஒரு மூலை கழுவப்படாமல் விட்டுப்போனதை மட்டும் கேள்விப்பட்ட மேலாளர், அந்த மூலைக்கும் எட்டட்டுமென்று நீளமான பிரஷ் ஒன்றை வாங்கி வந்தார். பளபளா அதைத் தொடவேயில்லை.

"வேணாம் சார். எட்டாத எடம் ஒண்ணு இருக்கட்டும்."