கண்ணாடிப் பெட்டியும் ஏழு விசிறிகளும்

மார்ச் 14, சனி

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். தந்தியின் கம்ப்யூட்டரில் பின்பக்க விசிறியைத் திருப்பி மாட்டிவிட்டேன். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள வேண்டியது, வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. துண்டுக் காகிதம் ஒன்றைப் பின்னால் பிடித்தபோது அது பறக்காமல் பெட்டியோடு போய் ஒட்டிக்கொண்டது. கழற்றிச் சரியாக மாட்டினேன். இப்போது காகிதம் பறக்கிறது. கம்ப்யூட்டர் கோர்க்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் இதே பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான் என்பதையும் எழுதிவைப்பதுதான் நியாயம்.

தந்தி என் தோழி. மூன்று சொல்லுக்கு மேல் பேசமாட்டாள் என்பதால் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். சலவைக் கடையில் துணி மடிக்கிறாள். மாதக் கடைசியில் அந்தக் கடையை மூடுகிறார்கள். ஆட்கள் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து தருகிற வேலை ஒன்று வந்திருக்கிறது, வீட்டிலிருந்தே செய்யலாம். சோதனைக்காக ஒரு பதிவு அனுப்பியிருக்கிறார்கள். திங்கள் மதியத்துக்குள் முடித்து அனுப்ப வேண்டும். புரியாத இடத்தில் ‘கேட்கவில்லை’ என்று போடலாம். ஐந்துக்கு மேல் போட்டால் வேலை கிடையாது.

"காசு இவ்வளவுதான். பாத்துக்கோ" என்று கம்ப்யூட்டர் வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டாள்.

நானும் பார்த்தேன். பிராசஸர்களுக்கு ஓர் அட்டவணை, மதர்போர்டுகளுக்கு ஓர் அட்டவணை, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதற்கு இன்னொன்று. வீடியோ வெட்டி ஒட்டினால் எது வேகம், விளையாடினால் எது வேகம் என்று தனித்தனி நிறத்தில் கோடு போட்டேன். என்ன பயன்பாடு என்ற கட்டத்தில் மட்டும் ‘பொது’ என்று எழுதி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன்.

காலையில் கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்பும்போது அவளுடைய அக்கா கணவரும் கூட வந்தார். நானும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். குளியலறைத் தரைக்குக் கல் விற்பவர். முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்காத பொருளை அவர் பொருளாகவே மதிப்பதில்லை.

நான் தேர்ந்தெடுத்திருந்த கறுப்பு கேபினெட்டை அவர் விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, சவப்பெட்டியக் குட்டியாச் செஞ்ச மாதிரி இருக்கு?"

"நல்ல பெட்டி அத்தான். விலையும் கம்மி."

"கம்மின்னு பாத்தாலே தெரியுது. வீட்டுக்கு நாலு பேர் வந்து போறாங்க."

கடைக்காரர் காற்று வீசும் திசை தெரிந்தவர். "சார் கண்ணு வேற மாதிரி" என்று சொல்லிக்கொண்டே மூலையில் இருந்த கண்ணாடி கேபினெட்டின் சுவிட்சைப் போட்டார். முன்னால் மூன்று, மேலே மூன்று, பின்னால் ஒன்று என்று ஏழு விசிறிகள் நிறம் மாறி மாறிச் சுழன்றன. அத்தானின் முகத்திலும் நிறம் மாறியது.

"சத்தம் போடுமே" என்றாள் தந்தி.

"காத்துன்னா சத்தம் இருக்கத்தானே செய்யும்மா" என்றார் கடைக்காரர்.

"நீ சும்மா இரு. படிச்ச பொண்ணு பக்கத்துல நிக்குது, அது சொல்லட்டும்" என்றார் அத்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்த பெண் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. "காற்றோட்டம் அதிகரித்தால் பாகங்களின் ஆயுள் கூடும்" என்று பரீட்சைத்தாளில் எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். தந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது மூன்று சொல்லைவிட அதிகம்.

"கேபினெட் என் செலவு!" என்று அத்தான் கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். பில் வந்ததும் பாதிச் செலவு என்று ஆனது. மீதிப் பாதிக்காகப் பட்டியலில் இருந்த ஹெட்ஃபோனை அடிக்க வேண்டியதாயிற்று.

"காதுல மாட்டறதுதானே? வீட்ல பழசு ஒண்ணு கெடக்கு" என்றார்.

மதியம் முழுவதும் என் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கோத்தேன். கீழே வண்டிப் பட்டறை. அங்கே தகரம் தட்டுகிற சத்தத்தில் விசிறிச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. கவனிக்காமல் விட்டேனா, கவனிக்க விரும்பவில்லையா என்று தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று முதல் வரியில் எழுதியது சிறிய தவறு. பெரியதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரைத் தந்தி வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார் அத்தான். வைத்தேன். போட்டதும் முதல் தடவையிலேயே திரை வந்தது. அந்த ஒரு நிமிடம் நான் நன்றாக இருந்தேன். அத்தான் பட்டப்பகலில் ஜன்னல் திரைகளை இழுத்து மூடி, ரிமோட்டில் ஒவ்வொரு நிறமாக மாற்றிக் காட்டினார்.

"இதுல துணி காயுமா?" என்று தந்தியின் அம்மா கேட்டார்.

"அத்தை, இது வேற லெவல் சாமான். நாளைக்கு எங்க முதலாளிய கூட்டிட்டு வர்றேன், பாருங்க."

தந்தி பழைய இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதில் ஒரு காது வேலை செய்யவில்லை. பதிவில் ஒரு கிழவர், மூடிய கடை ஒன்றைப் பற்றித் தொண்டைக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார். விசிறிகள் அதற்கு மேல் பேசின. பக்கம் ஒன்று முடிவதற்குள் அவள் நான்கு முறை ‘கேட்கவில்லை’ போட்டுவிட்டாள். ஐந்தாவதைத் தட்டுவதற்கு முன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் ஆறு பக்கம் இருந்தது.

நான் அத்தானிடமிருந்து ரிமோட்டை வாங்கிப் பார்த்தேன். நிறத்துக்கு, மின்னுவதற்கு, மின்னி மறைவதற்கு என்று வரிசையாகப் பட்டன்கள். வேகத்தைக் குறைக்க ஒன்று இல்லை. விளக்குக்கும் விசிறிக்கும் ஒரே ஒயர். ஒன்றை நிறுத்தினால் இன்னொன்றும் நிற்கும்.

பிராசஸர் சூட்டைப் பார்த்தேன். பயந்ததில் பாதிகூட இல்லை. தட்டச்சு வேலையை அது தூங்கிக்கொண்டே செய்யும். அதற்கென்று உள்ளே இருக்கும் விசிறியும், நேற்று நான் கழற்றிச் சரியாக மாட்டிய பின்பக்க விசிறியுமே போதும். நன்றாக யோசித்துப் பார்த்தேன். மறுபடியும் யோசித்தேன். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, கண்ணாடியைத் திறந்து, மற்ற ஆறு விசிறிகளும் எல்லா விளக்குகளும் சேருகிற ஒயரை உருவிவிட்டு, மறுபடி சுவிட்சைப் போட்டேன்.

கூடம் இருட்டாகவும் அமைதியாகவும் ஆனது.

"ஐயோ, செத்துப்போச்சா?" என்றார் அத்தான்.

"இல்ல அத்தான். இப்பதான் வேலை செய்யுது."

"என்னம்மா இது! முதலாளிகிட்ட நான் வாய விட்டுட்டேன். நாளைக்கு வந்து எதப் பாப்பாரு? இருட்டையா? மாட்டும்மா அத!"

ரிமோட்டை நீட்டியபடி அவர் கிட்டே வந்தார். தந்தி எழுந்து பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"அத்தான், அந்தத் தாத்தா என்ன சொல்றாருன்னு எனக்குக் கேக்கணும். கேக்கலன்னா அடுத்த மாசம் நான் வீட்ல சும்மாதான் உக்காந்திருப்பேன். அப்ப உங்க முதலாளிய கூட்டிட்டு வாங்க, என்னையே காட்டலாம்."

அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவளுடைய அம்மாவும் கேட்டதில்லை போல. ஜன்னல் திரையைத் திறந்துவிட்டு, அத்தானின் தோளைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

முதல் பக்கத்தை அவள் மறுபடி ஆரம்பத்திலிருந்து கேட்டாள். நான்கில் மூன்று இப்போது கேட்டது. சாயங்காலத்துக்குள் ஏழு பக்கமும் முடிந்தது. மொத்தம் நான்கு ‘கேட்கவில்லை’. அனுப்பிவிட்டாள்.

நான் கிளம்பும்போது அத்தான் வாசலில் செருப்பைத் தேடுவது போல நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, சத்தமே போடாத லைட்டுன்னு ஏதாவது இருக்கா?"

"இருக்கு அத்தான். பட்டை மாதிரி. உள்ள ஒட்டிக்கலாம்."

"அவகிட்ட நீயே கேளேன்."

உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் தந்தி.

வீட்டுக்கு வந்ததும் அட்டவணையை எடுத்து, ‘பொது’ என்பதை அடித்துவிட்டு, ‘கேட்பதற்கு’ என்று எழுதினேன். எல்லாம் வாங்கி முடித்த பிறகு.

நாளை வகுப்புக்கு முன் பில்லோடு கடைக்குப் போய், ஆறு விசிறிகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு ஹெட்ஃபோன் வாங்க வேண்டும். மிச்சம் இருந்தால் அத்தானுக்கு விளக்குப் பட்டை.