மெஷின் மேல் போட்ட பழி

ஆவடி டாங்க் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பூபாலனிடம் யாரும் வாயைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால், மகள் ஷர்மிளா விமானம் ஓட்டும் பெருமையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நகர முடியும். அவள் ஓட்டிய விமானம் கிளம்ப முடியாமல் ஓடுபாதையிலேயே நின்று, டயர் வெடித்து, பயணிகளை அவசரமாக இறக்கியதில் ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு முறிந்தது என்று டிவியில் வந்ததிலிருந்து மனுஷனுக்கு வேறு பேச்சே இல்லை. மெஷின் கோளாறு என்றார். ஓட்டை மெஷினைக் கொடுத்துப் பிள்ளை பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் நின்று கம்பெனியைக் கிழி கிழியென்று கிழித்தார். மகளிடம் மட்டும் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

ஷர்மிளாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். விசாரணைக்குப் போய்த் திரும்பிய அன்று, சாப்பிடக் கூப்பிட்ட அப்பாவிடம் அவளாகவே சொன்னாள்.

விமானம் எழும்புவதற்கு முன் இறக்கையின் பின்பக்கத் தகடுகளை இறக்கிவிட வேண்டும். ஃபிளாப் என்பார்கள்; அது இறங்காவிட்டால் விமானம் ஒழுங்காக எழும்பாது. துணை விமானியான அவளுடைய வேலை அது. அன்று இறக்கப்போன நேரம் பார்த்து, வேறு ஓடுபாதைக்குப் போகச் சொல்லி ரேடியோவில் கூப்பிட்டார்கள். நீட்டிய கை அப்படியே திரும்பிவிட்டது. பிறகு கேப்டன் நடேசன் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். ஃபிளாப் என்றதும், பார்க்காமலே, 'செட்', அதாவது இறக்கியாயிற்று என்று தினமும் சொல்கிற பதிலைச் சொல்லிவிட்டாள். அவரும் பார்க்கவில்லை.

"இன்னிக்கு விமானத்துல நாங்க பேசுன ரெக்கார்டைப் போட்டுக் காட்டுனாங்கப்பா. 'செட்'னு சொல்றேன். கொஞ்சங்கூட சந்தேகமே இல்லாம சொல்றேன்."

அப்புறம் எப்படி நின்றது என்று பூபாலன் கேட்டார். விமானமே அலாரம் அடித்ததாம். அது எதற்கென்று புரிந்து கேப்டன் பிரேக்கைப் போடுவதற்குள் வேகம் பிடித்துவிட்டதாம். அடிபட்ட பெண்ணைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனதையும், வீட்டுக்காரர்கள் உள்ளே விடாததையும் சொல்லும்போதுதான் ஷர்மிளா உடைந்து அழுதாள். ஒன்றும் ஆகாது, எல்லாம் சரியாகிவிடும் என்று பூபாலனுக்கு வாய்வரை வந்தது. அதுவும் பார்க்காமல் சொல்கிற பதில்தானே என்று தோன்ற, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்று யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை டீக்கடைத் துலுக்கானம் கிளாஸை நீட்டிக்கொண்டே விசாரித்தார்.

"இன்னா அண்ணாத்தே, மெஷின் மேலதான் தப்புன்னு ஒத்துக்கினாங்களா?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மழுப்பியிருக்கலாம்.

"மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல. அது கத்துனதாலதான் அத்தினி பேரும் பொழைச்சாங்க. தப்பு பண்ணது எம் பொண்ணு."

துலுக்கானம் மெதுவாக, டீ ஆறிப்போகிறது, குடி என்றார். பூபாலன் கிளாஸை அப்படியே வைத்துவிட்டார். இத்தனை நாளும் அவர் போட்ட கூச்சலில், உண்மையைச் சொல்ல வழியில்லாமல் மகள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.