டிடிஆர் மூன்று, டிடிஆர் நான்கு

என் மாமனாரின் கம்ப்யூட்டர் கடையில் பன்னிரண்டு வருடமாக ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறேன். மாமனாருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. முதல் தேதியிலிருந்து கல்லாவில் யார் உட்காருவது, மூத்த மாப்பிள்ளை நானா, இளைய மாப்பிள்ளையா என்பதுதான் வீட்டில் ஒரு மாதமாக ஓடிய பேச்சு.

இளையவன், அதாவது என் சகலை, போன வருடம்வரை ஜவுளிக்கடையில் துணி விரித்தவன். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். எஸ்எஸ்டி எது, எஸ்எம்பிஎஸ் எது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதென்னவோ, "அந்தத் தம்பி இல்லையா?"

முழுப் பெட்டியையும் 'சிபியு' என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அது கேபினட்டுங்க. சிபியுங்கிறது உள்ள தீப்பெட்டி அளவுல இருக்கிற சில்லு" என்று திருத்துவேன். அவர்கள் முகம் சுருங்கிவிடும். சகலை திருத்தவே மாட்டான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்று காலை ஒரு டீச்சர் தன் கம்ப்யூட்டர் பெட்டியோடு வந்தார். "சிபியு ரொம்ப மெதுவா ஓடுது தம்பி. ரேம் போடச் சொன்னாங்க. ரேம்னா என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டான். "டீச்சர், பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது மேஜைல எத்தனை பரப்புவீங்க?"

"ஒரு பத்து."

"மேஜை சின்னதா இருந்தா?"

"ஒண்ண எடுத்து வச்சுட்டுத்தான் இன்னொண்ண எடுக்கணும்."

"அந்த மேஜைதான் ரேம். பீரோதான் ஹார்ட் டிஸ்க். கரண்ட் போனா மேஜைல இருக்கிறது போயிடும், பீரோல இருக்கிறது அப்படியே இருக்கும்."

"அப்ப திருத்துறது யாரு?"

"நீங்கதான் டீச்சர், சிபியு!"

டீச்சர் சிரித்தார். மாமனார் சிரித்தார். எதிரே ரசீது எழுதிக்கொண்டிருந்த என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பேசி அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் இருக்கும்!

டீச்சரின் பெட்டியை நான்தான் திறந்து தூசி தட்டினேன். பழைய மதர்போர்டு. மூன்றாம் தலைமுறை ரேமான டிடிஆர் மூன்றுதான் ஏறும். சகலை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்த அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். டிடிஆர் நான்கு. இரண்டும் பார்க்க ஒரே நீளம்தான், ஆனால் அடியில் இருக்கும் வெட்டு கொஞ்சம் தள்ளியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லவில்லை. அட்டைப்பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தேன். ஏறாமல் விழிக்கட்டும், மாமனார் முன்னால் முகம் தொங்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

சகலை ரேமைச் சொருகிப் பார்த்தான்; ஏறவில்லை. தொழில் தெரிந்தவன் இரண்டாம் தடவை ஏறாதபோதே நிறுத்தியிருப்பான். இவன் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினான். 'டக்'கென்று ஒரு சத்தம். ஸ்லாட் பிளந்துவிட்டது. அதன்பிறகு என்ன செய்தும் போர்டுக்கு உயிர் வரவில்லை. டீச்சர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாமனார் நொண்டிக்கொண்டு வந்தார். "மாப்ளே, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, பாக்கலையா?"

நான் குனிந்து ஸ்க்ரூக்களைப் பொறுக்கினேன். சகலைதான் பேசினான். "அண்ணன் என்ன பண்ணுவாரு மாமா? நான் ஒரு வார்த்தை அவரக் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னோடதுதான்." டீச்சரிடமும் அதையே சொல்லி, வேறு போர்டு மாற்றித் தருவதாக மன்னிப்புக் கேட்டான்.

சாயங்காலம் கல்லாச் சாவி என் கைக்கு வந்தது. "தொழில் தெரிஞ்சவர்தான் உக்காரணும்" என்றார் மாமனார். முதலில் வந்து கை கொடுத்தவன் சகலை. அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு நடந்தோம். தெருமுனையில் மனைவி சொன்னாள்: "அந்த ரேம் பொட்டிய எடுத்துப் படிச்சுட்டுத் திரும்ப வச்சீங்களே."

"எப்ப?"

"நான் எதிர்லதாங்க உக்காந்திருந்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "பாத்தேல்ல? அப்ப நீயே சொல்லியிருக்கலாமே!"

"எந்த ரேம் எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க படிச்சுட்டு வச்சதால, சரியானதுதான் போலன்னு இருந்துட்டேன்." கொஞ்சதூரம் நடந்தபிறகு, "தங்கச்சி வீட்டுக்காரரும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு. நீங்க எடுத்துப் பாத்தத அவரும் பாத்தாரு" என்றாள்.