பத்தொன்பது சுற்று

காருக்கு அடியில் படுத்திருந்த கர்டிஸ் மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

"அப்பா எத்தனை சுத்துன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்காராம்மா? சுவத்துல, அட்டைப்பெட்டி மேல?"

"உங்கப்பாவா? எழுதவா?" என்றாள் லவோன். நாற்பத்தாறு வருஷத்தில் ஆர்வின் அவளுக்கு எழுதியதெல்லாம் பிறந்தநாள் அட்டையில் தன் பெயர் மட்டும்தான்.

கறுப்பு உடைக்கு மேல் அவருடைய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு கராஜ் வாசலில் நின்றாள். இரண்டு மணிக்குச் சர்ச்சில் அவருக்கு இறுதி ஆராதனை. அவருடைய இந்தக் காரில்தான் போவேன், மகன் வண்டியில் மாட்டேன் என்றுவிட்டாள். ஸ்டீயரிங் ஆடுது, ஆடுது என்று ஒரு மாதம் அவரை அரித்தெடுத்தவள் அவள்தான். கடைசியில் அவளையே உள்ளே உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டச் சொல்லி, கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தார். "இவன்தான் திருடன். கையில தட்டுறான்," என்றார். டை ராட் எண்டு. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற, முப்பது வருஷம் உழைத்துத் தேய்ந்த மூட்டு.

செவ்வாய்க்கிழமை அதைக் கழற்றினார். புதியதைப் பூட்டுவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது.

"பழசு எத்தனை சுத்துல கழண்டுச்சோ, புதுசையும் அத்தனை சுத்துதான் ஏத்தணும். இல்லேன்னா சக்கரம் கோணிக்கும். அதைச் சரிபண்ண சனிக்கிழமை எவன் கடை திறந்திருப்பான்? என் வண்டியிலயே போயிடலாம்மா."

"பத்தொன்பது," என்றாள்.

கர்டிஸ் தலையை வெளியே நீட்டினான். "உனக்கெப்படித் தெரியும்?"

சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆர்வினின் கடைசி வார்த்தை மனைவிக்குச் சொன்ன நன்றி என்று பாஸ்டர் இன்று பேசப்போகிறார். பாஸ்டரிடம் அப்படிச் சொன்னவள் அவள்தான். அதைக் கேட்டுத்தான் கர்டிஸ் சமையலறையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"சூப் ஆறுது, வர்றியா இல்லையான்னு மூணு தடவை கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு விரலை மட்டும் தூக்கினார். அந்த மூட்டு கையோட வந்துச்சு. 'பத்தொன்பது'ன்னார். நீயும் உன் காரும் நாசமாப் போங்கன்னு கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனேன். ஒரு மணி நேரம் கழிச்சுதான் வந்து பாத்தேன்டா."

"அப்ப அந்த நன்றி..."

"அவர் சொல்லல."

கர்டிஸ் புதிய மூட்டைத் துணியால் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. பிறகு மறுபடி உள்ளே சரிந்தான்.

"ஒண்ணு... ரெண்டு..."

பன்னிரண்டில் குரல் நின்றுபோனது. லவோன் கறுப்பு உடையோடு எண்ணெய்க் கறையில் மண்டியிட்டாள்.

"நீ சுத்து. நான் எண்ணுறேன். பதிமூணு."

ஒன்றரை மணிக்குக் கிளம்பினார்கள். அவள்தான் ஓட்டினாள். அறுவடை முடிந்த சோள வயல்களுக்கு நடுவே சாலை நேராகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த பன்றி இறைச்சி சாண்ட்விச் தட்டு கர்டிஸின் மடியில் இருந்தது.

"பாஸ்டர் அதைச் சொல்லிடுவாரேம்மா?"

"அதான் சீக்கிரம் போறோம். நானே சொல்லி நிறுத்திடறேன்."

ஆட்டமில்லை, சத்தமில்லை. லவோன் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, கை..."

"கொஞ்ச நேரம் இருடா."

கார் எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.