வியாழக்கிழமை மேஜை

லிஃப்ட் கதவின் இடது மூலையில் முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் அது மூடும். தெரியாதவர்கள் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டுப் படியேறிப் போய்விடுவார்கள். அவர் இடித்தார். கதவு சமர்த்தாக மூடிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் செய்த காரியம் உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எப்படி மாமா உங்களுக்குத் தெரியும்?” என்றார் மாப்பிள்ளை.

“முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா குப்பை கொட்டியிருக்கேன் மாப்பிள்ளை. எந்தக் கதவுக்கு எங்க வலின்னு பார்த்தாலே தெரிஞ்சிடும்.”

“எங்க அப்பாவா கொக்கா” என்று மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி அவருக்குச் சுட்டது. சொன்னதில் பாதிதான் நிஜம். மீதிப் பாதி, ஒன்றரை வருடமாக வியாழக்கிழமை சாயங்காலம் தவறாமல் அவர் இதே லிஃப்டில் ஏறிக்கொண்டிருக்கிறார் என்பது. மகளைப் பொறுத்தவரை, அப்பா வியாழக்கிழமைகளில் மாத்திரை போட்டுக்கொண்டு சீக்கிரமே படுத்துவிடுவார். அன்று மட்டும் போன் செய்து எழுப்பக் கூடாது. இன்று வியாழக்கிழமைதான்; ஒரு நாள் மாத்திரையைத் தள்ளிப் போடச் சொல்லி அவளே கூட்டிவந்திருந்தாள்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும் குழம்பு வாசனையும் சிரிப்புச் சத்தமும் சேர்ந்து வந்து மோதின. கறிச் சாப்பாடும், அங்கேயே காய்ச்சுகிற கிராஃப்ட் பீரும் கிடைக்கும் இடம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆளுயர ஸ்டீல் அண்டாக்கள் பளபளத்தன. சுவரைப் பூசாமல் செங்கல்லாகவே விட்டிருந்தார்கள். கூரையிலிருந்து நீள நீள ஒயர்களில் குண்டு பல்புகள் தொங்கின. முதல் தடவை வருகிறவர் சொல்லக்கூடிய ஒரு வசனத்தை அவர் வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தார்.

“என்னம்மா, சுவர் பூசறதுக்குள்ள கைக்காசு தீர்ந்துபோச்சா இவங்களுக்கு?”

மகள் சிரித்தாள். “இதுதாம்பா இப்ப ஃபேஷன்.”

ரயிலில் போனால் ஐந்து மணி நேர தூரத்தில் இருக்கிறாள் மகள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்பா தனியாக இருக்கிறாரே என்பது அவளுக்குப் பல்வலி மாதிரி, விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. போன வாரம் போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள்: “மாடி ரூமுக்கு பெயின்ட் அடிச்சாச்சுப்பா. இந்தத் தடவை உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வரோம். வெள்ளிக்கிழமை வீட்டு புரோக்கரை வரச் சொல்லியிருக்கேன்.” அவர், “பார்க்கலாம்மா” என்றார். அதை அவள் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டாள்.

நாளை புரோக்கர் வந்துவிடுவான். வேண்டாம் என்று சொல்வதென்றால் இன்றைக்கே, இந்தச் சாப்பாட்டுக்குள் சொல்லியாக வேண்டும். ஏன் வேண்டாம் என்று அவள் கேட்பாளே, அதற்குத்தான் வாய்விட்டுச் சொல்லும்படியான பதில் அவரிடம் இல்லை. அந்தப் பதில் ஜன்னலோர நீள மேஜையில், மூன்று பேராக உட்கார்ந்திருந்தது.

ஒருத்தர் பல் டாக்டர். இன்னொருத்தி கண்ணாடிக்கடை அக்கா. மூன்றாவது ஆள், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் மாஸ்டர். நாலாவது நாற்காலி அவருடையது. அங்கே அவருக்கு ‘லிஃப்ட் அண்ணன்’ என்று பெயர்.

ஊரில் எத்தனையோ ஓட்டல் இருக்க, மாப்பிள்ளை போனில் தேடிப் பிடித்தது இதைத்தான். “மாமா பாவம், வெளிய தெருவையே பார்க்கிறதில்ல, ஒரு நல்ல இடமா காட்டுவோம்” என்று அவரே ஆசையாக புக் செய்துவிட்டார். சேதி தெரிந்ததும் கிழவர் நண்பர்களுக்குச் செய்தி தட்டினார்: ‘மகளுடன் வருகிறேன். யாரும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.’ பதிலுக்கு மூன்று கட்டைவிரல்கள் வந்து சேர்ந்தன. பரிமாறும் பெண்ணிடமும் சொல்லிவைத்தார்கள். அதுதான் வினையாகிப்போனது.

தலைமுடிக்குப் பச்சைச் சாயம் அடித்திருந்த அந்தப் பெண், மேடையேறிய நடிகை மாதிரி வந்து நின்றாள்.

“வணக்கம் சார். எங்க இடத்துக்கு முதல் தடவையா வரீங்களா சார்?”

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆமாம்மா. முதல் தடவை.”

“பீர்னா என்னன்னு தெரியுமா சார்?”

“கேள்விப்பட்டிருக்கேன்மா.”

மகளே குறுக்கிட்டாள். “அப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம். எலுமிச்சை ஜூஸ் குடுங்க. சாப்பிடக் காரமில்லாம ஒரு பருப்பு, கொஞ்சம் சாதம். அவருக்கு வயிறு தாங்காது.” பிறகு அப்பா பக்கம் சாய்ந்து, “நாங்க ஆளுக்கு ஒரு கிளாஸ் வாங்கிக்கிட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?” என்றாள்.

“காலம் மாறிப்போச்சு. குடிங்க, குடிங்க” என்று பெருந்தன்மையாகக் கையசைத்தார்.

பீர் வந்தது. மாப்பிள்ளைக்குத் தான் மட்டும் குடிக்க மனசு வரவில்லை. “ஒரே ஒரு வாய் பாருங்க மாமா. இஞ்சி போட்டுக் காய்ச்சினதாம். உடம்புக்கு நல்லது.”

அவர் மறுப்பதுபோல் மறுத்து, வாங்கி, உறிஞ்சினார். நாக்கு அவரைக் கேட்காமலே பேசிவிட்டது. “போன தடவையை விடக் கசப்பு ஜாஸ்தி.”

“போன தடவையா?”

“போன தடவை இருமலுக்கு ஒரு மருந்து குடிச்சேனே, அதை விட.”

மாப்பிள்ளை நம்பிவிட்டார். மகள் நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் பார்வை அடிக்கடி ஜன்னல் பக்கம் போய் வந்துகொண்டிருந்தது.

அடுத்து சமையலறை காட்டிக்கொடுத்தது. அங்கே சொல்லிவைக்க எல்லோரும் மறந்திருந்தார்கள். செக்கச் செவேலென்று கொதித்துக்கொண்டிருந்த ஒரு குட்டி இரும்புச் சட்டி, நேராக அவர் முன்னால் வந்து உட்கார்ந்தது. எப்போதும் அவர் சாப்பிடும் கோழிக் குழம்பு, எப்போதும்போல மிளகு தூக்கலாக.

“நாங்க இதைக் கேட்கலையே” என்றாள் மகள்.

பச்சை முடிப் பெண் விழித்தாள். “இது... முதல் தடவை வரவங்களுக்கு இலவசம் மேடம்.”

“நாங்களும் முதல் தடவைதான்” என்றார் மாப்பிள்ளை, உண்மையான வருத்தத்தோடு.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்பா, ஒண்ணு கேட்கணும். இந்த ஹால்ல எல்லாரும் எல்லாரையும் வேடிக்கை பார்க்கிறாங்க. அந்த ஜன்னல் மேஜையில இருக்கிற மூணு பேர் மட்டும் வந்ததுலேர்ந்து இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. அவங்களுக்குக் கழுத்துல ஏதாவது சுளுக்கா?”

அவர் பார்த்தார். பல் டாக்டர் கூரையில் தொங்கும் பல்பை, அதற்கு ஒரு பல் எடுக்க வேண்டும் என்பதுபோல் ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்கடை அக்கா மெனு அட்டைக்குள் முழு முகத்தையும் புதைத்திருந்தாள். அட்டை தலைகீழாக இருந்தது. டிரைவிங் மாஸ்டர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி இல்லாத பிரேக்கைக் காலால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

“எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார் அவர்.

மகள் எழுந்தாள். நேராக அந்த மேஜைக்குப் போனாள். காலியாக இருந்த நாலாவது நாற்காலியிலிருந்து ஒரு மெத்தையை எடுத்தாள். முதுகு வலிக்கென்று போன வருடம் அவளே அனுப்பிவைத்தது. உறையை அம்மாவின் மாம்பழ நிறப் புடவையைக் கிழித்து, கையால் தைத்திருந்தாள். வாராவாரம் போனில், “மெத்தையை வச்சுக்கிறீங்களாப்பா?” என்று கேட்பாள். “நாற்காலியிலதாம்மா இருக்கு” என்பார். அது பொய்யில்லை. எந்த நாற்காலி என்று அவள் கேட்டதில்லை.

திரும்பி வந்து, மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“வியாழக்கிழமையானா போனைக் கையில வச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பேன்பா. பேசணும்போல இருக்கும். அப்பா தூங்கட்டும், எழுப்பக் கூடாதுன்னு வச்சிடுவேன்.”

மாப்பிள்ளை கிளாஸுக்குள் எதையோ தேடினார். கிழவர் வேட்டி நுனியைத் தேடிக் கண்ணைத் துடைக்கிற ஆளில்லை. இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். உள்ளே இருப்பவர்களுக்கு முதலில் ஒரு குரல் கேட்க வேண்டும். அதனால் அவரே பேச ஆரம்பித்தார்.

“உங்க அம்மா போனப்புறம் ஆறு மாசம் நான் சிரிக்கவே இல்லம்மா. ஒருநாள் கீழே மருந்துக்கடைக்கு வந்தேன். இந்த லிஃப்ட் மாட்டிக்கிச்சு. உள்ள இவங்க மூணு பேர். கதவைத் திறந்துவிட்டேன். வெளிய வந்ததும் அந்த டாக்டர், ‘சும்மா நின்ன நேரத்துல ரெண்டு பேர் பல்லையும் பார்த்துட்டேன், பீஸ் குடுக்க மாட்டேங்கிறாங்க, நீங்களே நியாயம் சொல்லுங்க’ன்னார். சிரிச்சுட்டேன். சிரிச்சது நான்தானான்னு பயமாப் போச்சு. வீட்டுக்குப் போய் உங்க அம்மா போட்டோவைப் பார்க்கக் கூசிச்சு. அங்க நீ ராத்திரியெல்லாம் அழறேன்னு மாப்பிள்ளை சொல்றார். நான் இங்க பீர் குடிச்சுக்கிட்டு சிரிக்கிறேன்னு எந்த மூஞ்சியோட உன்கிட்ட சொல்ல?”

“நீங்க அழுதுக்கிட்டே இருக்கணும்னு நான் எப்பப்பா சொன்னேன்?”

“நீ சொல்லல. நானா நினைச்சுக்கிட்டேன்.” மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். “அதனால, நான் வரலைம்மா. வீட்டை விக்க வேண்டாம்.”

சொல்லியாயிற்று. உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனால் மகள் முகம் விழுந்துவிட்டது.

“அந்த ரூம் உங்களுக்காக மட்டும்னு நினைச்சீங்களா?” என்றாள். “அந்த வீட்ல அம்மாவைப் பத்திப் பேச எனக்கு யாருப்பா இருக்கா? இவர் நல்லவர்தான், நான் என்ன சொன்னாலும் கேட்பார். ஆனா இவருக்கு அம்மாவைத் தெரிஞ்சதே கொஞ்ச நாள்தான். ‘உங்க அம்மா ரொம்ப நல்லவங்க’ன்னு சொல்வார். அதோட முடிஞ்சிடும். அம்மா எவ்வளவு வம்புக்காரின்னு சேர்ந்து பேச ஒரு ஆள் வேண்டாமா?”

இது அவருக்குத் தோன்றவே இல்லை. மகள் தன்னைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் விறைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் ஜன்னல் மேஜைக்கு நடிப்பு தாங்கவில்லை. மூன்று பேரும், தலைமை ஆசிரியர் கூப்பிட்ட பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்து நின்றார்கள்.

“எங்க மேலயும் தப்பு இருக்கும்மா” என்றாள் கண்ணாடிக்கடை அக்கா. “ஆனா ஒண்ணு சொல்றேன். உங்க அம்மா வம்புக்காரின்னு எங்களுக்கும் தெரியும். கோபம்னா வாய் திறக்க மாட்டாங்களாமே. பாத்திரத்தைத்தான் பேசவிடுவாங்களாம்.”

மகள் நிமிர்ந்தாள். “இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வேற என்னத்தைப் பேசினார் இந்த மனுஷன்?” என்றார் டிரைவிங் மாஸ்டர். “வாராவாரம் அவங்க கதைதான். பார்த்ததே இல்ல, ஆனா தெருவுல எதிர்ல வந்தா அடையாளம் கண்டுபிடிச்சிடுவேன்.”

“பட்டாணி கதைதான் எனக்குப் பிடிச்சது” என்றார் டாக்டர். “அதாம்மா, இவர் சரிபண்ணின லிஃப்ட்லயே மார்க்கெட் பையோட மாட்டிக்கிட்டாங்களே. இவர் ஓடி வந்து திறக்கிறதுக்குள்ள தரையில உட்கார்ந்து அத்தனை பட்டாணியையும் உரிச்சு முடிச்சுட்டாங்களாம். கதவு திறந்ததும் தோலை இவர் கையில குடுத்து, ‘இதையாவது ஒழுங்கா பண்ணுங்க’ன்னாங்களாம்.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். “இதை என்கிட்ட சொன்னதே இல்லையே.”

“உங்க அம்மா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா.”

அவள் உதடு முதலில் அழுகைக்குத்தான் கோணியது. எங்கேயோ தடம் மாறி, மூக்கு வழியே ஒரு சத்தமாக வெளியே வந்தது. அம்மா சிரிப்பதும் இப்படித்தான், அடக்கப் பார்த்துத் தோற்றுப்போகிற சிரிப்பு. அவர் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. கையிலிருந்த ஜூஸை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்.

மேஜைகளைச் சேர்த்துப் போட்டார்கள். பச்சை முடிப் பெண், “அப்ப நான் சாதாரணமாவே இருக்கலாமா அங்கிள்?” என்று நிம்மதியாகக் கேட்டுவிட்டு மாப்பிள்ளைக்கும் ஒரு இலவசச் சட்டி கொண்டுவந்தாள்.

“மாசம் பத்து நாள் உன்கிட்ட வந்து இருக்கேம்மா” என்றார் அவர்.

டாக்டர் பதறினார். “பத்து நாள்னா நடுவுல ஒரு வியாழக்கிழமையாவது மாட்டுமே.”

“வெள்ளிக்கிழமை வந்து புதன்கிழமை கிளம்பட்டுமே” என்றார் மாப்பிள்ளை, வாயில் குழம்போடு. “மாசத்துல ரெண்டு தடவை வந்தா கணக்கு சரியாயிடும்.”

“நீங்க யார் பக்கம் பேசறீங்க?” என்றாள் மகள்.

“சட்டி வந்த பக்கம்.”

அவள் கணவனை முறைத்தாள். பிறகு தன் போனை அவர் முன்னால் தள்ளினாள். “புரோக்கரைக் கூப்பிட்டு, நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க. நான் பேசினா காரணம் கேட்பான்.”

மாப்பிள்ளை போனோடு எழுந்து போனார். மகள் நாற்காலியைக் கண்ணாடிக்கடை அக்கா பக்கம் திருப்பிக்கொண்டாள். இஞ்சி பீரில் ஒரு வாய் குடித்தாள்.

“பட்டாணி கதை சொன்னாரே, அம்மா இவரோட மீசையை எடுத்த கதையைச் சொன்னாரா?”

“அது வேண்டாம்மா” என்றார் அவர்.

மூன்று பேரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.